பதினெட்டு மில்லிவோல்ட்

ஃபேனை நிறுத்தச் சொன்னது நான்தான். ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். ஞானசிகாமணி சார் எழுந்து இரண்டையும் செய்துவிட்டு வந்து, என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சித்திரை மாதம், பகல் மூன்று மணி, பாளையங்கோட்டை. சுவரைத் தொட்டால் தோசைக்கல். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். பரீட்சை ஹாலிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. எங்கள் இருவருக்கும் நடுவில் தேக்கு மேஜை மேல் அந்த செட்டு. ஜப்பான் ஆம்ப்ளிஃபயர், எழுபத்தாறாம் வருடத்து உருப்படி, தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவரிடமிருந்து அவர் வாங்கியது. இருபத்திரண்டு கிலோ. கொஞ்ச நேரம் முன்பு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜைக்கு ஏற்றினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பிணத்தைத் தூக்குகிறவர்கள்கூட ஒன்று இரண்டு சொல்லிக்கொள்வார்கள். காற்று பட்டால் உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகள் குளிர்ந்துவிடும், அளவு மாறிவிடும், அதனால்தான் ஃபேன் கூடாது. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நான் சொன்னபோது, ஏதோ அவருடைய வீட்டில் அவருடைய மூச்சை நான் அடைத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அடைத்ததில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. வேர்க்கட்டும். அவருக்கு எழுபத்து நான்கு, எனக்கு ஐம்பத்தெட்டு. இந்தச் சூட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து. மூன்று முப்பத்தைந்துக்கு மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி சும்மா இருப்பதுதான், அதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. செட்டும் சும்மாதான் இருக்கிறது, பாடவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும் ஆட்டோ மாதிரி உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால், பாட்டு மெதுவாகப் போகும் இடங்களில் சொரசொரக்கும். கூடினால் சூடேறி ட்ரான்சிஸ்டர் வெந்துவிடும், அந்த ட்ரான்சிஸ்டர் இப்போது உலகத்தில் எவனும் செய்வதில்லை, கடையில் கிடைப்பதெல்லாம் பெயர் மட்டும் அச்சடித்த போலி. ஆகவே கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதினெட்டு மில்லிவோல்ட். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கும் அவருடைய மேனுவலிலும் அதுதான் இருக்கிறது, என் மண்டைக்குள்ளும் அதுதான் இருக்கிறது. மூடியை வைக்கும் முன்பு, இடது பக்க ப்ரீசெட் என்கிற சின்னத் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, மயிரிழை திருப்பி, என் மீட்டரில் பதினெட்டு வந்ததும் கையை எடுத்தேன். அவர் மேஜை டிராயரைத் திறந்தார். மஞ்சள் ரப்பர்ச் சட்டை போட்ட புது மீட்டர் ஒன்றை எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. என் வயர் இருந்த இடத்திலேயே அவர் வயரையும் வைத்தார். “பன்னெண்டுதான்வே காட்டுது.” “பதினெட்டு சார்.” “உம்ம மீட்டர்ல பதினெட்டு. என் மீட்டர்ல பன்னெண்டு.” “அப்ப உங்க மீட்டரு சரியில்ல.” “எம் மவன் தோகாவுல இருந்து குடுத்து விட்டது வே. டப்பாவப் பிரிச்சு மூணு வாரம் ஆவல.” “புதுசுன்னா சரியா இருக்கணும்னு சட்டமா சார்?” “பழசுன்னா சரியா இருக்கணும்னு இருக்கோ?” நான்தான் சொன்னேன், சூடேறட்டும், அரை மணி நேரம் கழித்துப் பார்ப்போம் என்று. சூடேறினாலும் இரண்டு மீட்டருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சரி என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விடைத்தாளை வாங்காமல், இன்னும் நேரம் இருக்கிறது எழுது என்று சொல்கிற தலையசைப்பு.

கூப்பிட்டு வரவில்லை நான். அதை மறந்துவிடக் கூடாது. கூப்பிடாமல், டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கேட்டைத் திறந்து, நானாக வந்தேன். கோயில்பிள்ளை போனில் சொன்ன நாளிலிருந்து நான்கு நாள் சோறு இறங்கவில்லை. கோயில்பிள்ளை பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த அறையில் ரிக்கார்டு கேட்கக் கூடும் எட்டுப் பேரில் ஒருவர். அந்த எட்டுப் பேர் வீட்டு செட்டும் நான் பார்ப்பதுதான். அவர்கள் சொல்லி வரும் செட்டுகளும் நான் பார்ப்பதுதான். அதை விட்டால் எனக்கு இந்த ஊரில் ஒன்றும் இல்லை, மிக்ஸிக்குக் காயில் கட்டப் போகலாம். “தப்பா எடுத்துக்கிடாதீரும். என் செட்ட மதுரைக்குக் கொண்டு போலாம்னு இருக்கேன். சார்தான் சொன்னாரு.” “என்ன சொன்னாரு?” “அது எதுக்கு வே.” “சொல்லும்.” “ஆவுடையப்பனுக்கு, அதான் உமக்கு, கை போச்சுன்னாரு.” கை போச்சு. எட்டுப் பேர் முன்னால், ரிக்கார்டு திருப்பிப் போடும் இடைவெளியில், காராசேவு தட்டை நீட்டிக்கொண்டே சொல்லியிருப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே செட்டை நான் சரிபார்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு மெதுவான இடங்களில் மணல் விழுகிறதாம். இன்று நான் வந்ததும் வராததுமாக ஒரு ரிக்கார்டைப் போட்டுக் காட்டினார். ஒரு வீணை, தனியாக, ஆரம்பத்தில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் போகிற இடம். “கேக்குதா?” என்றார். “ஒண்ணும் கேக்கலயே” என்றேன். “கேக்கலயா?” “உங்களுக்கு வயசாவுது சார், காது ஒவ்வொரு சமயம் அப்படித்தான்” என்றேன். சொல்லி முடித்ததும் அவருடைய கழுத்து நரம்பு ஒன்று எழும்பி அடங்கியதைப் பார்த்தேன். நல்லது. கை என்று அவர் சொன்னார், காது என்று நான் சொன்னேன். கணக்கு நேர். ஆனால் அந்த வீணை. ஊசி ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு விநாடி, தந்தி அதிர்ந்து ஓய்கிற முனையில். வேண்டாம். இப்போது அது வேண்டாம். மூன்று பன்னிரண்டு.

என் மீட்டரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருடமாக என்னிடம் இருக்கிறது. மற்ற எல்லா அளவுக்கும், வீட்டுக் கரண்ட், ஃப்யூஸ், கழுதை குதிரை எல்லாவற்றுக்கும், முள் ஆடுகிற பழைய மீட்டர் ஒன்று போதும், அதைத் தூக்கிப் போட்டாலும் சாகாது. இதைப் பயாஸ் வைக்க, அதாவது அந்தச் சும்மா ஓடும் கரண்டை அளந்து வைக்க, மட்டும்தான் எடுப்பேன். பிளானல் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, டூல் பெட்டியில்கூட வைக்காமல் தனியாகத் தோள்பையில் கொண்டு போவேன். செட்டில் மற்ற வேலை எல்லாம் முடிந்து, தூசி துடைத்து, கடைசியில் துணியைப் பிரித்து இதை வெளியே எடுக்கும்போது வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், பூசாரி கற்பூரம் கொளுத்தப் போகிற மாதிரி. எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மில்லிவோல்ட்டைத் தவிர இது வேறொன்றைப் பார்த்ததில்லை. சுத்தமாக வைத்திருக்கிறேன். ஒருதடவை முருகன்குறிச்சித் திருப்பத்தில் ஸ்கூட்டர் சறுக்கியபோது பையோடு கீழே விழுந்தது. எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடியின் மேல் மூலையில் மட்டும் மை கசிந்த மாதிரி ஒரு கறுப்பு. அந்த மூலையில் எண் ஒன்றும் வராது. அந்த மூலையில் வருவது. அந்த மூலையில் என்ன வரும் என்று யாருக்கு வேண்டும், நான் பார்ப்பது நடுவில் இருக்கும் எண்ணை. இதோ, பதினெட்டு, பாறை மாதிரி நிற்கிறது. பக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரன், பன்னிரண்டு. இரண்டும் ஒரே இடத்தில் கடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு. அவருடையதை நம்பிப் பதினெட்டுக்கு ஏற்றினால், என்னுடையதில் இருபத்தேழு வரும். என்னுடையது சரி என்றால் அந்த இருபத்தேழில் செட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புகை விடும். அப்போது எட்டுப் பேரும் என்ன சொல்வார்கள், சாருடைய மீட்டர் போச்சு என்றா சொல்வார்கள்.

நடைக் கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் வந்தார்கள், ரத்னாபாய் டீச்சர், சாரின் மனைவி, மூன்றாம் வகுப்புக்கு வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுத்தவர்கள். கையில் இரண்டு தம்ளர் மோர். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள். “கரண்டு போயிட்டா?” “இல்ல” என்றார் சார். “பின்ன?” “செட்டுக்குக் காத்து ஆவாது.” “செட்டுக்கு ஆவாதா. கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளு ஃபேன நிறுத்தட்டுமான்னு கேட்டிருக்கியளா? குளிர் காய்ச்சல்ல கெடந்தப்போகூட அஞ்சுல வச்சுக்கிட்டுத் தூங்குன ஆளு.” “ரத்னா, நீ உள்ள போ.” “போறேன். தம்பி, நீங்க மோரக் குடிங்க. என்ன ரெண்டு மீட்டரு?” சார் சொன்னார், பெருமையோடு சொன்னார், “அவரு மீட்டர்ல பதினெட்டு, என் மீட்டர்ல பன்னெண்டு.” டீச்சர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள், தலைவலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. “ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டுச்சுன்னா ஒரு படிக்கல்ல வச்சுப் பாக்கணும். கெடியாரத்துல நேத்துதான் புது செல்லு போட்டேன். அத எடுத்து ரெண்டுலயும் வச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது.” “இது மில்லிவோல்ட் சமாச்சாரம்” என்றார் சார். “ஆமா டீச்சர், இது வேற” என்றேன் நான். அந்த மத்தியானத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் இடம் அதுதான். அவர் ஒரு படித்த மனிதர், பௌதிகம் நடத்தியவர், அவருக்குத் தெரியாதா ஒன்றரை வோல்ட் செல்லில் வைத்துப் பார்த்தால் போதும் என்று. தெரியும். அவருக்கும் பயம். தோகாவிலிருந்து மகன் அனுப்பியது பொய் சொல்லிவிட்டால்? எனக்கு? எனக்கு எதற்குப் பயம். டீச்சர் தம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, “ரெண்டு பேரும் வெந்து சாவுங்க” என்றார்கள், கோபமில்லாமல், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்வதுபோல. சரியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். எப்போதும் வந்திருக்கிறது.

மூன்று பத்தொன்பது. சார் காலைக் கால் மேல் போட்டார். கொஞ்ச நேரத்தில் எடுத்து மறு காலைப் போட்டார். நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாத்ரூம் இந்த வீட்டில் பின்கட்டைத் தாண்டி இருக்கிறது, மூட்டுவலியோடு போய் வர ஐந்து நிமிடமாவது ஆகும். என்னை செட்டோடு தனியாக விட்டுப் போக அவருக்கு மனசில்லை. எழுபத்து நான்கு வயதில், இந்தச் சூட்டில், மோரையும் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும். என்ன நினைக்கிறார், நான் என்ன செய்துவிடுவேன் என்று? செய்யலாம்தான். ப்ரீசெட்டைக் கால் சுற்று, கடிகாரம் சுற்றும் திசையில், ஒரே ஒரு கால் சுற்று. நெற்றியில் ஈ உட்கார்ந்தால் தட்டுகிற நேரம். பதினெட்டு நூற்றெண்பதாகும், ஃப்யூஸ் போகும் முன்னே ட்ரான்சிஸ்டர் போகும், நாற்பத்தைந்து வருடத்து மணம் ஒன்று எழும், வெல்லப்பாகு கருகுகிற மாதிரி. கை நடுங்கிவிட்டது சார் என்று சொல்லலாம். நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களே சார். இதை நினைத்ததும் கையைப் பார்க்கத் தோன்றியது. பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தேன். மடியில் கிடக்கிறது வலது கை, விரல்கள் கொஞ்சம் மடங்கி, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில்தான் ஆரம்பித்தது. முதலில் தேநீர்த் தம்ளர் தட்டோடு பேசிக்கொள்ளும் சத்தம், டிக் டிக் டிக். அப்பா அதற்கு எங்களை முறைப்பார், நாங்கள் மேஜையை ஆட்டிவிட்ட மாதிரி. பிறகு சட்டைப் பொத்தான். பிறகு கையெழுத்து. கடைசியில் ஒன்றும் பிடிக்க முடியாமல், எல்லாவற்றையும் எறிந்துகொண்டே இருந்தார். கோயில்பிள்ளை போனில் சொன்ன இரவிலிருந்து நான் தம்ளரை மேஜையில் வைக்கும்போது காதைத் தீட்டிக்கொள்கிறேன். காலையில் கண்ணாடி முன்னால் கையை நீட்டி வைத்து எண்ணுகிறேன். முப்பது வரை ஒன்றும் இல்லை. முப்பதுக்கு மேல் எண்ணத் துணிச்சல் இல்லை. இப்படிப்பட்ட ஒரு பயத்தை ஒருவன் காராசேவு தின்றுகொண்டே இன்னொருவன் வீட்டுக்குள் எறிந்துவிட்டுப் போகலாம், அவனுக்கு ஓய்வூதியம் வரும், அவன் மகன் தோகாவிலிருந்து மஞ்சள் சட்டை போட்ட மீட்டர் அனுப்புவான்.

கை இல்லையென்றால் வேறென்ன. இந்தக் கேள்விதான் காலில் குத்திய கருவமுள் மாதிரி, எந்தப் பக்கம் மிதித்தாலும் அங்கேயே நிற்கிறது. கை இல்லை, கண் ஆபரேஷன் ஆனது, நன்றாகத் தெரிகிறது. ப்ரீசெட் சுத்தம் செய்தேன். மேனுவல் சரி. வேறென்ன. கறுப்பு மூலை. அந்த மூலையில் வருவது ஒரு சின்னப் பெட்டிப் படம். பேட்டரி தீர்ந்தால் வரும் படம். வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது, அங்கே மை. கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினேன். ஸ்கூட்டர் விழுந்ததற்கு முன்னாலா, பின்னாலா. கடையில் நின்று வாங்கியது ஞாபகம் இருக்கிறது, மழை பெய்தது, கடைக்காரர் தகரத்தில் தட்டித் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அது எந்த மழை. எப்போதாவதுதானே எடுக்கிறேன், எப்படித் தீரும். எப்போதாவது எடுப்பதால்தான் தெரியவில்லை. வேறெதையாவது அளந்திருந்தால், வீட்டுக் கரண்டை ஒரு தடவை பார்த்திருந்தால், முந்நூற்று நாற்பது என்று காட்டியிருக்கும், சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பேன். பிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பேட்டரி தீர்ந்த மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். பசித்தவன் பேச்சு மாதிரி. இதை நான் யாருக்குச் சொன்னேன்? மாசிலாமணிக்கு. ஜங்ஷன் ரிப்பேர் கடையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம், மாசிலாமணி என்னைவிட நான்கு வயது பெரியவர், மெதுவான ஆள். ஒரு நாள் ஒரு டேப் செட்டை மூன்று மணி நேரம் பிரித்துப் போட்டுவிட்டு, வோல்டேஜ் எல்லாம் தாறுமாறாக இருக்கிறதே என்று வியர்த்துக்கொண்டு நின்றார். அவர் மீட்டரில் கரண்ட் முந்நூற்றுப் பத்து காட்டியது. நான் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தேன். கடையில் வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர், முதலாளி, டீ கொண்டுவந்தவர். இந்தச் சதுரப் பேட்டரியைச் சோதிக்க எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு, இரண்டு முனையையும் நாக்கில் வைப்பது. உயிர் இருந்தால் சுரீரென்று கடிக்கும். “மாசிலாமணி அண்ணாச்சி, நாக்க நீட்டும்” என்றேன். சிரித்தார். “நீட்டும்யா.” நீட்டினார். வைத்தேன். “கடிக்குதா?” அவர் நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் இல்லை என்று தலையாட்டினார். “பேட்டரி மாத்தத் தெரியாத பயலுக்கு மீட்டர் எதுக்கு” என்றேன், எல்லோருக்கும் கேட்க. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவர் வேலைக்கு வரவில்லை. வண்ணார்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறார் இப்போது, என்னைக் கண்டால் நின்று விசாரிப்பார். அந்த விசாரிப்புக்காக அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மூன்று இருபத்தெட்டு. சார் நாற்காலியின் கையைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்து எழுந்தார். “செட்டத் தொடாதீரும். வந்துடுதேன்.” “தொடல சார்.” “மூணு முப்பத்தஞ்சுக்குத்தான் தொறக்கணும்.” “தெரியும் சார்.” கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பின்கட்டில் செருப்பு இழுபடும் சத்தம் தேய்ந்து போகும் வரை அசையாமல் இருந்தேன். பிறகு என் மீட்டரைக் கவிழ்த்தேன். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ. மூடி வந்தது. பேட்டரியின் இடுப்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, உப்பளத்துக் கட்டை மாதிரி. அவ்வளவுதான். பார்த்ததும் எனக்குள் ஒன்றும் இடியவில்லை, எப்போதோ தெரிந்த ஒரு செய்தியை யாரோ தாளில் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்து நான் நினைத்தது அதைப் பற்றி அல்ல. மஞ்சள் மீட்டருக்குள்ளும் இதே சதுரப் பேட்டரிதான். நான் நினைத்தது அதைத்தான். அவருடையதை இதில் போட்டு, இதை அவருடையதில் போட்டால், அவர் திரும்பி வரும்போது என்னுடையது உண்மை சொல்லும், அவருடையது கூட்டிக் காட்டும். அவருடைய கண்ணாடியில் அந்தப் பெட்டிப் படம் பளிச்சென்று எரியும், அங்கே மை இல்லை. அந்தப் படத்தை விரலால் காட்டி, சார், பேட்டரி தீர்ந்து போச்சே, இதைக்கூடப் பார்க்காமலா எட்டுப் பேர் முன்னால் பேசினீர்கள் என்று கேட்கலாம். பௌதிகம் நடத்தியவரிடம். என் கை அதற்குள் மஞ்சள் ரப்பர்ச் சட்டையை உரித்துக்கொண்டிருந்தது. ஒரே ஸ்க்ரூ. நுனியை வைத்துத் திருப்பினேன், நான்கு சுற்று, நேராக மேலே வந்தது, விரல் நுனியில் நின்றது. அப்போதுதான் கவனித்தேன். கை நடுங்கவில்லை. குனிந்து பார்த்தேன், தொட்டால் நழுவும் சின்ன ஸ்க்ரூ, கோதுமை மணி அளவு, இரண்டு விரலுக்கு நடுவில் ஒட்டினாற்போல் அசையாமல் இருந்தது. முப்பது எண்ணினேன். அதற்கு மேலும் எண்ணினேன். திருடுகிற நேரத்தில் கை கல்லாக இருந்தது. நான்கு நாளாக இந்தக் கையைத்தான் சந்தேகப்பட்டேன், உள்ளுக்குள் எங்கோ, அது போயிருக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டிருக்கிறேன். கை போனால் அது விதி, அப்பா கொடுத்தது, யாரும் ஒன்றும் கேட்க முடியாது. கை இருக்கிறது. பேட்டரியை மாற்றிவைத்து, என்னுடையதை மறுபடி காட்டாமல் துணியில் சுற்றிவிட்டால், செட்டு பன்னிரண்டிலேயே நிற்கும். பதினெட்டு என்று இருவரும் ஒப்புக்கொள்வோம். அவர் அந்த வீணையைப் போடுவார். தந்தி ஓய்கிற முனையில், மணல். கேட்டது. எனக்கும் கேட்டது, வந்த உடனே கேட்டது, எட்டு மாதத்துக்கு முன்னால் மூடியை மாட்டும்போதே லேசாகக் கேட்டது. அவருடைய காதில் ஒன்றும் கோளாறு இல்லை. அந்த ஆளை வெறுப்பதற்கு எனக்கு நூறு காரணம் இருக்கலாம், இந்த ஊரில் நான் கேட்பதைக் கேட்கும் இன்னொரு காது அவரிடம்தான் இருக்கிறது.

ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டேன். சட்டையைத் திரும்ப மாட்டுவதற்குள் செருப்புச் சத்தம் வந்துவிட்டது. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். பின்னால் டீச்சரும். மேஜை மேல் என் மீட்டர் வயிறு திறந்து கிடந்தது, அவர் மீட்டர் சட்டை உரிந்து கிடந்தது. இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “என் மீட்டர எதுக்குவே தொட்டீரு?” என்னுடைய பேட்டரியை எடுத்து, பொடியை என் சட்டையில் துடைத்து, நாக்கை நீட்டி, இரண்டு முனையையும் வைத்தேன். அவர் கண் முன்னால். டீச்சர் கண் முன்னால். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். உப்பு. இரும்பு. வேறொன்றும் இல்லை. “கடிக்கல சார்” என்றேன். அவர் உட்காரவில்லை. “எத்தன நாளா?” “தெரியல.” “எத்தன செட்டு?” மனதுக்குள் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினேன், சமாதானபுரம், மகாராஜநகர், கோயில்பிள்ளை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் பிளானல் துணியைப் பிரித்தேன், ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நின்றது. “ஒம்பது. உங்களோடதச் சேத்துப் பத்து.” “ஞாயித்துக்கெழம எல்லாரும் வருவாவ. நான் சொல்லத்தான் செய்வேன்.” “சொல்லுங்க. கை போச்சுன்னு மட்டும் சொல்லாதிய. பேட்டரின்னு சொல்லுங்க.” “பேட்டரியப் பாக்காதது ஆரு வே? மீட்டரா?” டீச்சர், “போதும்” என்றார்கள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. சார் குனிந்து மஞ்சள் சட்டையை எடுத்து, தன் மீட்டருக்கு மெதுவாக மாட்டிவிட்டார், நான்கு மூலையிலும் அழுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தாறு. வயரை அவரே மீட்டரில் செருகினார். மீட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு எண் தெரியவில்லை, மஞ்சள் முதுகுதான் தெரிந்தது. “ம்” என்றார். மூடியை எடுத்தேன், அடுப்புத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அறைந்தது. ஸ்க்ரூடிரைவரை ப்ரீசெட்டில் இறக்கினேன். “பதிமூணு” என்றார் அவர், வினாத்தாள் எண் படிக்கிற குரலில். மயிரிழை. “பதினாலு.” நிறுத்தி, அது நிலைக்கும் வரை காத்திருந்து, மறுபடி. “பதினஞ்சு.” என் வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நின்றது, தலையைப் பின்னுக்கு இழுத்து அதைத் தரையில் விழவிட்டேன், கை அங்கேயே இருந்தது. “பதினாறு.” “பதினேழு.” அடுத்த எண் வரவில்லை. நானாகக் கேட்க வேண்டும் என்று இருக்கிறார். கேட்க மாட்டேன். இன்னும் ஒரு மயிரிழை போனால் அவர் செட்டுதான் வேகும், அது அவருக்குத் தெரியும், நான் போக மாட்டேன் என்பதும் தெரியும். நுனி அங்கேயே நின்றது. நான் எண்ணவில்லை. அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தலை நிமிராமலே தெரிந்தது. “பதினெட்டு” என்றார் கடைசியில். “ஃபேனப் போடட்டுமா?” என்று டீச்சர் சுவிட்சில் கையை வைத்தார்கள். “போடாத” என்று அவரும், “போடாதிய” என்று நானும் ஒரே சமயத்தில் கத்தினோம். வலது பக்க ப்ரீசெட் இன்னும் இருந்தது.